ஒரு முழச் சந்து

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது.

இது நம் பாஸ்கரனுடைய தாய்மாமனுக்கு நடந்தது. பாஸ்கரன் இங்கே இருந்திருந்தால் என்னைச் சொல்ல விட்டிருக்க மாட்டான். மாமாவின் பெயர் கஜபதி. ஆவடியில் பீரங்கி வண்டி செய்கிற ஃபேக்டரியில் வேலை. அதிகம் பேசாத மனுஷர்.

எண்பத்தைந்தாம் வருஷம். மார்கழி. ராத்திரி பத்தரை மணி இருக்கும். இரண்டாவது ஷிப்ட் முடிந்து கஜபதி சைக்கிளில் வந்துகொண்டிருக்கிறார். ஆவடியைத் தாண்டிக் கோவில்பதாகைக்குத் திரும்புகிற ரோடு. ஒரு பக்கம் ஏரி. இன்னொரு பக்கம் வெட்டவெளி... இன்றைக்குப் போய்ப் பார்த்தால் வீட்டின் மேல் வீடாக நிற்கும். அன்றைக்கு வெறும் கல். மனைக்கல். நெல் விளைந்த பூமியை அளந்து, கல் நட்டு, விற்றுவிட்டார்கள். வாங்கினவர்கள் யாரும் கட்ட வரவில்லை. நிலா வெளிச்சத்தில் பார்த்தால் வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள்... எதுவோ புதைத்து வைத்த மாதிரி.

டைனமோ சக்கரத்தில் உரசுகிற சத்தம். ஏரித் தண்ணீரின் பாசி வாடை. வேறு ஒன்றுமில்லை.

அந்த வெட்டவெளியின் கடைசியில் இரண்டே வீடுகள். ஒன்று அவருடையது. செங்கல் சுவர், தளம் போட்டது. இன்னொன்று வேம்புலியம்மாளுடைய குடிசை. மண்சுவர், பனையோலை. சுற்றிலும் கண்ணுக்கெட்டின மட்டும் நிலம் காலியாகக் கிடக்கிறது. ஆனால் இந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரு முழச் சந்து. அவ்வளவுதான். ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன.

அந்தச் சந்துக்காகத்தான் பூந்தமல்லி முன்சீப் கோர்ட்டில் கேஸ் நடந்துகொண்டிருந்தது.

எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கஜபதி வீடு கட்ட ஆரம்பித்தபோது வேம்புலியம்மாள் ஊரில் இல்லை. அவள் புருஷன் துலுக்கானத்துக்கு வயிற்றில் கட்டி. பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அவளும் அங்கேயே வராந்தாவில் கிடந்தாள். குடிசை பூட்டிக் கிடந்தது. சுற்றிலும் எருக்கு மண்டிவிட்டது. கொத்தனார் கோவிந்தன் குத்துமதிப்பாக நூல் பிடித்து அஸ்திவாரம் போட்டார். சுவர் இடுப்பளவுக்கு வந்த பிறகு, அறைக்குள் மண் நிரப்புவதற்காக எருக்கஞ்செடிகளைப் பிடுங்கினார்கள். அடியில் சர்வே கல் இருந்தது. சுவருக்கு வெளியே இருக்க வேண்டிய கல்... அறைக்கு உள்ளே.

கோவிந்தன் கரணையைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "அண்ணாத்தே, கல்லு உள்ள கீது. அவங்க எடத்துல மூணடி பூந்துட்டோம். இப்பவே இட்ச்சா ஒரு நாள் வேலை. இன்னா சொல்ற?"

கஜபதி அந்தக் குடிசையைப் பார்த்தார். பூட்டு துருப்பிடித்திருந்தது. அவருடைய மனைவி கஸ்தூரிக்கு அப்போதே இருதயம் சரியில்லை. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். பிள்ளை குட்டி கிடையாது. செத்தாலும் சொந்த வீட்டில்தான் சாவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவருக்கு அவசரம்.

"கட்டு" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான்.

துலுக்கானம் பிழைக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து வெறும் கழுத்தோடு வேம்புலியம்மாள் திரும்பி வந்தபோது, அவள் வாசலுக்கு எதிரே சுவர் நின்றது. கிழக்கு பார்த்த வாசல் அது. கதவைத் திறந்தால் கையை முழுதாக நீட்ட முடியாது. செங்கல். வெயில் உள்ளே வரவில்லை.

"இன்னா நைனா இது? தெனம் உன் செவுத்துலயா நான் கண்ணு முயிக்கணும்?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. சும்மா கேட்டாள்.

"அளந்துதாம்மா கட்டினேன்" என்றார் கஜபதி. சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை.

அடுத்த ஆடியில் கஸ்தூரி போய்விட்டாள். சாயங்காலம் காபி போட அடுப்பங்கரைக்குப் போனவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ரோட்டில் போன ஒருவர் மூலம் அம்பத்தூரில் தன் அக்கா வீட்டுக்குச் சொல்லியனுப்பி, அவர்கள் வந்து சேர விடிந்துவிட்டது. அதுவரை அந்த வெட்டவெளியில் பிணத்தோடு தனியாக உட்கார்ந்திருந்தார் கஜபதி. இல்லை... தனியாக இல்லை. இருட்டின பிறகு வேம்புலியம்மாள் வந்தாள். அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கஸ்தூரியின் தலைமாட்டில் உட்கார்ந்து, விடியும்வரை விளக்குத் திரியைத் தூண்டிவிட்டுக்கொண்டே இருந்தாள். ஆட்கள் வந்ததும் எழுந்து போய்விட்டாள்.

கருமாதி முடிந்த மறுவாரம் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. அவள் போட்ட கேஸ்.

கேஸ் முடிகிறவரை இருப்பது இருக்கிறபடியே இருக்கட்டும், இரண்டு பேரும் எதையும் தொடக்கூடாது என்று உத்தரவாகிவிட்டது. அவர் சுவரின் வெளிப்பக்கம் பூச முடியாது. அவள் வாசலை வேறு பக்கம் மாற்ற முடியாது. அப்படியே நின்றது எல்லாம்.

வேம்புலியம்மாள் கீரை விற்பவள். விடிகாலையில் கீரைக்கூடையோடு ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பக்கம் போவாள். அந்தச் சந்தில் நேராக நடக்க முடியாது. கூடையை ஒரு கையில் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முதுகு அவர் சுவரில் படப் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்துதான் வரவேண்டும். கஜபதி படுக்கிற அறை அந்தச் சுவருக்கு உட்பக்கம்தான். தலைமாட்டுச் சுவரும் அதுதான். தினமும் இருட்டோடு அவருக்குக் கேட்கும். பூசாத செங்கல்லில் புடவை உரசுகிற சத்தம். சர்ர்... ஒரு நிறுத்தம். சர்ர்... ஒரு நிறுத்தம். சந்தின் முனைக்கு வந்ததும் ஒரு மூச்சு விடுவாள். "ஹூம்" என்று. அப்புறம் காலடிச் சத்தம் தூரத்தில் போய்த் தேயும். அந்த மூச்சைக் கேட்டுவிட்டுத்தான் அவர் புரண்டு படுப்பார்.

வாய்தா நாள் வந்தால் இரண்டு பேரும் ஒரே பஸ்தான். காலையில் ஒரே ஒரு பஸ் அந்த வழியாக ஆவடி போய்ப் பூந்தமல்லிக்குப் போகும். அவள் முன்னால் உட்காருவாள். அவர் கடைசி சீட்டு. கோர்ட் வராந்தாவில் அவள் ஒரு தூணோரம், இவர் ஒரு தூணோரம். டவாலி பெயரைக் கூப்பிடுவான். உள்ளே போனால் இன்னொரு தேதி. திரும்பவும் அதே பஸ். ஒரு வார்த்தை கிடையாது. அவருடைய வக்கீல் கண்டித்துச் சொல்லியிருந்தார். "அந்தம்மாகிட்ட பேச்சு வார்த்தையே வேணாம். நல்லது பண்ணப் போனாலும் கேசுல வந்து நிக்கும்."

ஒரு முறை திரும்பி வரும்போது பஸ் பாதியில் படுத்துவிட்டது. இருட்டிவிட்டது. ஏரிக்கரையோரம் இரண்டு பேரும் நடந்து வந்தார்கள். அவள் முன்னால். இவர் பின்னால், நாலைந்து கஜம் விட்டு. பாம்பு நடமாட்டம் உள்ள இடம். அவள் ஒரு குச்சியை ஒடித்துத் தரையில் தட்டிக்கொண்டே நடந்தாள். தட்... தட்... தனக்கு வேண்டியதைவிட ஓங்கியே தட்டினாள். பின்னால் வருகிறவருக்கும் சேர்த்துத்தான் என்று அவருக்குத் தெரிந்தது. வீடு வந்ததும் குச்சியை அவர் வாசல்பக்கம் போட்டுவிட்டுச் சந்துக்குள் நுழைந்தாள். சர்ர்... சர்ர்...

இப்படியே எண்பத்தெட்டு வந்துவிட்டது.

அந்த ஐப்பசியில் மழை பிடித்ததே, ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இருக்கும். ஏரி தளும்பிவிட்டது. ஒரு ராத்திரி... மணி தெரியவில்லை, கரண்ட் இல்லை... கஜபதிக்கு விழிப்பு வந்தது. சுவரில் யாரோ தட்டுகிறார்கள். உள்ளங்கையால். அவருடைய தலைக்கு நேர் பின்னால்.

தப்... தப்...

அப்புறம் குரல். "யாருனா கீறீங்களா?"

அந்த வெளியில் அவரை விட்டால் வேறு யாரும் இல்லை. அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. நைனா என்றுகூடச் சொல்லவில்லை. "யாருனா கீறீங்களா... மார அடைக்குது..."

கஜபதி எழுந்து உட்கார்ந்தார். கால் தரையில் பட்டது. தரை ஜில்லென்றிருந்தது. போகலாமா... வக்கீல் சொன்னது ஞாபகம் வந்தது. ராத்திரியில் அவள் வாசலில் போய் நின்றால் நாளைக்கு எப்படித் திரித்துச் சொல்வார்களோ. விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம். சாதாரண வாய்வாக இருக்கும். மழை ஓங்கிப் பிடித்தது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவர் கால்களை மறுபடி போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

விடிந்தது. சர்ர் என்ற சத்தம் இல்லை.

வெளியே போய்ச் சந்தின் முனையில் நின்று பார்த்தார்.

நின்றுகொண்டிருந்தாள். பக்கவாட்டில் திரும்பி, முதுகு அவர் சுவரில் சாய்ந்து, முகம் அவர் நிற்கிற பக்கம் பார்த்து. ஓலையிலிருந்து தண்ணீர் தலையில் சொட்டிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. "ஏம்மா" என்று கூப்பிட்டார். பக்கத்தில் போய்க் கையைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது. ராத்திரியே போய்விட்டிருக்கிறாள். வெளியே வரப் பார்த்திருக்கிறாள். பாதி வழியில்... கீழே விழ இடமில்லை.

அம்பத்தூரிலிருந்து அவளுடைய தம்பி மகன் ஒருவன் ஆட்களோடு வந்தான். சந்துக்குள்ளிருந்து உடம்பை எடுக்க முடியவில்லை. விறைத்துவிட்டது. ஏதாவது ஒரு சுவரை இடித்தால்தான் முடியும் என்றார்கள். செங்கல் சுவரை யார் இடிப்பது. மண்சுவரை இடித்தார்கள். குடிசையின் முன்பக்கம் முழுதும் சரிந்து, கூரை ஒரு பக்கம் தொங்கிப்போயிற்று. அப்போதும் இடிந்தது அவள் வீடுதான்.

எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கஜபதி அந்த ராத்திரி நேரத்தோடு படுத்தார்.

இருட்டோடு விழிப்பு வந்தது. பழக்கம். படுத்தபடியே காத்திருந்தார். எதற்குக் காத்திருக்கிறோம் என்று நினைவு வந்தது. கண்ணை மூடினார்...

சர்ர்...

ஒரு நிறுத்தம்.

சர்ர்...

எதிர்ச் சுவர் இல்லை. நேராகவே நடக்கலாம். கையை வீசிக்கொண்டு நடக்கலாம். ஆனாலும் அது முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, பக்கவாட்டில், அங்குலம் அங்குலமாக வந்தது. ஈரக்கீரை வாசனை அறைக்குள் வந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. வந்தது. அவர் தலைக்கு நேராக வந்ததும் நின்றுவிட்டது. முனைக்குப் போகவில்லை. அந்த "ஹூம்" வரவில்லை.

விடியும்வரை அவர் அந்த மூச்சுக்காகக் காத்துக்கிடந்தார்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.

தம்பி மகன் கேஸில் சேரவில்லை. "அந்தப் பொட்டக் காட்ட வெச்சிகினு நான் இன்னா பண்ண, கோர்ட்டுக்கு அலைய எனக்கு ஏது நேரம்" என்று சொல்லிவிட்டான். வக்கீல் கஜபதியின் தோளைத் தட்டினார். "வாதி போயாச்சு, வாரிசும் சேரல. கேஸ் அதோட சரி. போய் நிம்மதியா செவுத்தப் பூசு."

அவர் கோவிந்தனைக் கூப்பிட்டார். பூசிவிட்டால் சத்தம் வராது என்று ஒரு எண்ணம். கோவிந்தன் வெளிப்பக்கம் முழுக்க மட்டப்பலகை வைத்து இழைத்துப் பூசிவிட்டுப் போனார். மறுநாள் தண்ணீர் அடிக்க வந்தவர் சுவரைப் பார்த்தபடியே வெகுநேரம் நின்றார். தோள் உயரத்தில் ஒரு பட்டை, இடுப்பு உயரத்தில் ஒரு பட்டை. அவள் வாசல் இருந்த இடத்திலிருந்து நடுச்சுவர் வரைக்கும். அந்த இரண்டு இடத்திலும் சிமெண்ட் வழித்து எடுத்தாற்போல் போய், செங்கல் தெரிந்தது. செங்கல் வழவழவென்றிருந்தது... வருஷக்கணக்காகத் தேய்ந்தது போல. நடுச்சுவருக்கு அப்பால் பூச்சு அப்படியே இருந்தது.

கோவிந்தன் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டார். "அண்ணாத்தே, நான் அன்னிக்கே கேட்டேன். இட்ச்சிடலாமான்னு." போய்விட்டார்.

கஜபதி அன்று வேலைக்குப் போகவில்லை. பக்கத்தில் கிடந்த கடப்பாரையை எடுத்தார். தளத்துக்கு உள்ளே முட்டுக் கொடுத்து, தனி ஆளாக, அந்தச் சுவரைத் தட்ட ஆரம்பித்தார். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட அங்கே யார் இருக்கிறார்கள். ஒரு வாரம் லீவு போட்டார். கை கொப்புளித்து உடைந்தது. அறையில் மூன்றடி போனது, மேலே இருந்த தளத்திலும் மூன்றடி போனது. சர்வே கல்லுக்குத் தன் பக்கமாக உள்ளே தள்ளி வேறு சுவர் எழுப்ப, திருநின்றவூரிலிருந்து வேறு கொத்தனாரைக் கூட்டி வந்தார். வெளியே அந்த மூன்றடி வெறும் மண்ணாகக் கிடந்தது. சாணி தெளித்துப் பெருக்கிவிட்டார்.

அன்றைக்கு ராத்திரி... புதுச் சுவருக்குப் பக்கத்தில் படுத்திருந்தார். இருட்டோடு விழிப்பு வந்தது.

உரசல் இல்லை. மண்ணில் காலடி. பொத்... பொத்... யாரோ நேராக நடந்து வருகிறார்கள். அகலமாக எட்டு வைத்து வருகிறார்கள். அவருக்கு நேராக வந்தார்கள். நிற்கவில்லை. தாண்டிப் போனார்கள். முனைக்குப் போனதும்,

"ஹூம்."

அவ்வளவுதான். கஜபதி அழுதுவிட்டார். பிறகு தூங்கினார்.

இதோடு முடிந்திருந்தால் நான் சொல்லியிருக்கவே மாட்டேன்.

அதற்குப் பிறகு சத்தம் இல்லை. ஒரு நாளும் இல்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. கஸ்தூரி போனபோதுகூட அந்த வீடு அப்படி இருந்ததில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருத்தி எழுகிறாள், இருமுகிறாள், கோபத்தோடோ வருத்தத்தோடோ நகர்ந்து போகிறாள் என்பது ஒன்று இருந்தது. இப்போது இரண்டு பக்கமும் வெளி. அடுத்த வருஷம் ரிட்டயர் ஆனார். ஷிப்டும் இல்லை. பகலெல்லாம் அந்த மனைக்கற்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா மகன் பாஸ்கரன் மாதத்துக்கு ஒரு முறை அம்பத்தூரிலிருந்து வந்து எட்டிப் பார்ப்பான். அவன் போன பிறகு வீட்டுக்குள் அவனுடைய பேச்சு கொஞ்ச நேரம் நிற்கும். அப்புறம் அதுவும் போய்விடும்.

ஒரு நாள் விடிகாலை. பனி. கதவைத் திறந்து வெளியே வந்தார். ரோட்டில், முன்னால் ஒரு பெண்பிள்ளை போய்க்கொண்டிருந்தாள். கூடை இல்லை. இரண்டு கையையும் வீசி நடந்தாள். முதுகுப்பக்கம் புடவையில் செங்கல் பொடி.

கஜபதி சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். நாலைந்து கஜம் விட்டு. பஸ் நிற்கிற இடத்தில் அவள் நின்றாள். பஸ் வந்தது. ஏறினாள். இவர் ஓடிப்போய் ஏறினார். உள்ளே பார்த்தால்... ஏழெட்டுப் பேர். எல்லோரும் ஆண்கள். முன்பக்கம் இரண்டு பேர் உட்காருகிற சீட் ஒன்று காலி. அந்த சீட்டின் பக்கத்தில் போய் நின்றார். ஈரக்கீரை வாசனை. அடுப்புப் புகை வாசனை.

கடைசி சீட்டுக்குப் போகவில்லை. அங்கேயே, ஓரமாக, உட்கார்ந்துகொண்டார்.

"எங்க?" என்றார் கண்டக்டர்.

"ரெண்டு பூந்தமல்லி."

பஸ் பருத்திப்பட்டைத் தாண்டியது. அப்புறம் மெதுவாகச் சொன்னார். "அன்னிக்கி நீ கூப்ட்டது எனக்குக் கேட்டுச்சி. முயிச்சிகினுதான் இருந்தேன்."

இதையெல்லாம் ரொம்ப நாள் கழித்து அவரே பாஸ்கரனிடம் சொன்னார். பதில் வந்ததா மாமா என்று அவன் கேட்டான். அதை மட்டும் அவர் சொல்லவில்லை.

அதிலிருந்து அடிக்கடி அந்த பஸ்ஸில் போனார். பூந்தமல்லியில் இறங்கி, கோர்ட் வராந்தாவில் தூணோரம் உட்கார்ந்திருப்பார். அவருக்கு அங்கே கேஸ் கிடையாது. யாரும் கேட்டதும் கிடையாது. கோர்ட் வாசலில் உட்கார்ந்திருக்கிற பெரியவரை யார் என்ன கேட்பார்கள். சாயங்காலம் திரும்பிவிடுவார். எப்போதும் இரண்டு டிக்கெட். கண்டக்டருக்குப் பழகிவிட்டது.

அந்தக் கண்டக்டர் சொல்லித்தான் பாஸ்கரனுக்கு விஷயம் தெரிந்தது. பதறிப்போய் மாமாவிடம் வந்தான். "கிளம்பு மாமா, எங்க ஊட்டாண்ட வந்துடு. இங்க தனியா கீறதாலதான் இப்படி."

கஜபதி அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தார். நிதானமாகத்தான் இருந்தார். முன்னைவிடத் தெளிவாகக்கூட இருந்தார்.

"நான் வந்துட்டா அந்தம்மாவுக்கு யாரு கீறாங்க?" என்றார்.

"மாமா... அவங்க செத்துப் போயி வருஷமாச்சி."

"ஆமா. நான்தான பாத்தேன்." டம்ளரைக் கழுவி வைத்தார். "உக்காந்துகினு வராங்க. அவ்ளோதான். இவ்ளோ எடம் கீது, பேசிக்க ரெண்டு பேருதான் இருந்தோம். அப்பவே பேசியிருக்கணும்."

பாஸ்கரன் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

தொண்ணூற்று மூன்று, தை மாதம். அன்று பாஸ்கரனுக்கு இரண்டாவது ஷிப்ட். மாமாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று காலையிலேயே வந்தான். கதவு தாழ் போடாமல் சும்மா சாத்தியிருந்தது. கஜபதி கட்டிலில் நேராகப் படுத்திருந்தார். வெளுத்த வேட்டி, சட்டை. தலை வாரியிருந்தது. காலில் செருப்பு. எங்கேயோ கிளம்பினவர் கொஞ்சம் தலையைச் சாய்த்த மாதிரி. தொட்டுப் பார்த்தான். ஜில்லென்றிருந்தது. ஆவடியிலிருந்து கூட்டி வந்த டாக்டர் பார்த்துவிட்டு, நடு ராத்திரிக்கு முன்னாலேயே உயிர் போயிருக்கும் என்றார்.

டாக்டரை அனுப்பிவிட்டு, உறவுக்காரர்களுக்குச் சொல்லியனுப்ப வேண்டுமே என்று பாஸ்கரன் ரோட்டுக்கு வந்து நின்றான். வெயில் ஏறியிருந்தது. பூந்தமல்லியிலிருந்து பஸ் திரும்பி வந்தது. அதே கண்டக்டர். படியில் தொங்கிக்கொண்டு வந்தவர் இவனைப் பார்த்ததும் விசில் கொடுத்து நிறுத்தினார்.

"இன்னா சார், உங்க மாமாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லியா? காலைல ஆளக் காணோம்."

பாஸ்கரன் பஸ்ஸருகே போனான்.

"அவருக்குப் பதிலா ஒரு அம்மா ஏறிச்சி. இந்த ஸ்டாப்புலதான். நான் இந்த ரூட்டுல மூணு வருஷமா ஓட்றேன், பாத்ததே இல்ல. அவர் உக்கார்ற சீட்டுலயே உக்காந்துச்சி. ரெண்டு பூந்தமல்லின்னுச்சி. கூட யாரும்மான்னு கேட்டேன். எனக்குப் பதிலே சொல்லல, சார்..."

கண்டக்டர் பையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"படிப்பக்கம் திரும்பிப் பாத்துட்டு, கொஞ்சம் நவுந்து எடம் உட்டுச்சி."